கறுத்த விரலின் எண்

1

வெளிநாட்டவர் அலுவலகத்தில் என் சீட்டு எண் நாற்பத்தேழு. எண் காட்டும் பலகை பழுதாகியிருந்ததால் ஓர் அம்மாள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து எண்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஜெர்மன்காரர்கள் இரண்டு இலக்க எண்ணைப் பின்னாலிருந்து சொல்வார்கள். நாற்பத்தேழு என்று அவர்களுக்கு வராது, ஏழும் நாற்பதும் என்பார்கள். பதினாறு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். இருந்தும் அசந்த நேரத்தில் என் காது தமிழில்தான் கேட்கிறது. ஏழு முதலில் வந்து விழுந்ததும் எழுபத்து நாலு என்று மனம் எழுதிக்கொண்டது. யாரோ வேறு வரிசைக்காரர் என்று ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"அப்பா, உன்னத்தான்" என்று முழங்கையால் இடித்தாள் மிரியம். பதின்மூன்று வயது. அலுவலகங்களில் என் ஜெர்மன் திக்கும் என்பதால் அவளைத் துணைக்குக் கூட்டிப்போயிருந்தேன். நாங்கள் எழுந்து போவதற்குள் கதவு மூடி, அடுத்த எண்ணும் போய்விட்டது. கடைசிவரை காத்திருக்கச் சொன்னார்கள்.

"பதினாறு வருஷம்ப்பா. ஒரு நம்பர் கேக்கத் தெரியல உனக்கு."

சிரித்தாள். நானும் சிரித்தேன். என் பணப்பையில் மடித்த மஞ்சள் சீட்டு ஒன்று இருந்தது. ஒரு வருடத்துக்கு முன் இதே மாதிரி ஓர் எண் தலைகீழாக விழுந்த சீட்டு. அதில் இருப்பது அவள் கையெழுத்து.

எதற்குப் பயந்துகொண்டிருந்தேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இராயபுரத்திலிருந்து என் அண்ணன் லூர்து தன் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் போனில் எண்பத்தொன்பது என்று சொன்னதை, மிரியம் தொண்ணூற்றெட்டு என்று எழுதிவைத்தாள். மூன்றாம் நாள் அண்ணன் செத்துப்போனார். எண்பத்தொன்பது என்று தெரிந்தும் நான்தான் அலட்சியமாக இருந்துவிட்டேன் என்று அண்ணி நினைத்துக்கொண்டிருந்தாள். நான் மறுக்கவில்லை. மறுத்தால் குழந்தையின் பெயரைச் சொல்ல வேண்டும். குழந்தைக்கோ எதுவும் தெரியாது. இப்போது வருஷப் பூசைக்கு நாங்கள் இருவரும் இராயபுரம் போக வேண்டும். அண்ணியும் மிரியமும் பத்து நாள் ஒரே வீட்டில் இருப்பார்கள். அதற்குத்தான் இந்த அலுவலகம், திரும்பி வருவதற்கான இந்தத் தங்கல் அனுமதி, இந்த நாற்பத்தேழு.

2

என் வேலையைப் பற்றி ஊரில் கேட்பவர்களுக்குக் "கண் செய்கிறேன்" என்று சொல்வேன். வெளிச்சத்தைப் பார்த்தால் மின்சாரம் தரும் மெல்லிய தோல். வழக்கமான ஒளி உணரியைச் சிலிக்கானில் செய்வார்கள். விறைப்பானது, கண்ணாடி மாதிரி உடையும். நாங்கள் கரிமப் பொருளில் செய்கிறோம். கரியை முதுகெலும்பாகக் கொண்ட மூலக்கூறுகள். மை போலக் கரையும், மை போலவே பிளாஸ்டிக் தாளில் தடவலாம், வளையும், விரலைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும்.

இரண்டு பொருள்களைக் கலக்கிறோம். வெளிச்சம் படும்போது ஒன்று எலக்ட்ரானைக் கொடுக்கும், மற்றது வாங்கிக்கொள்ளும். இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் மின்னோட்டம். ஆனால் ஒரு வெளிச்சமும் இல்லாத கும்மிருட்டிலும் கொஞ்சம் ஓட்டம் கசிந்துகொண்டே இருக்கும். அதற்கு இருட்டு மின்னோட்டம் என்று பெயர். வருகிற வெளிச்சம் மங்கலானால் அது இந்தக் கசிவில் மூழ்கிவிடும், வந்தது வெளிச்சமா வெறும் கசிவா என்று பிரிக்க முடியாது. மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்காத இடங்களில் பொறிகள் மாதிரிக் குழிகள் உண்டாகின்றன, கசிவு பெரும்பாலும் அங்கிருந்து. ஆகவே நாங்கள் மூலக்கூற்றின் வாலை, அதாவது ஓரத்தில் தொங்கும் கரிச் சங்கிலியை, மாற்றுகிறோம். இரண்டு கரி கூட்டுவோம், ஒரு கிளையைத் தள்ளி வைப்போம், தடவி, உலரவைத்து, அளப்போம். மறுபடி வால். இதில் என் தலைமுடி நரைத்தது.

மங்கலான வெளிச்சம் ஏன் முக்கியம் என்றால், கறுத்த தோல். விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் கிளிப்பை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அது விரலுக்குள் வெளிச்சத்தை அனுப்பி, மறுபக்கம் எவ்வளவு வந்து சேர்ந்தது என்று பார்க்கிறது. கறுத்த தோல் நிறைய விழுங்கிவிடும். போதாததற்கு, அந்தக் கருவிகளுக்கு எண் கற்றுக்கொடுத்தபோது நீட்டப்பட்ட விரல்களில் நம்முடையவை குறைவு. அதனால் நம் விரலில் அது உள்ளதைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். உடம்பு மூழ்கிக்கொண்டிருக்கும்போது, பரவாயில்லை என்று சொல்லக்கூடும்.

எங்கள் ஆய்வகத்தில் ஏழு பேர். கறுத்த விரல் என்னுடையது ஒன்றுதான். புதிய படலம் தயாரானதும் யாராவது வந்து மிகவும் மரியாதையாக, "உங்கள் விரல் கொஞ்சம் கிடைக்குமா?" என்பார்கள்.

3

லூர்து என்னைவிட ஆறு வயது மூத்தவர். துறைமுகத்தில் டேலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்குவதை ஓரத்தில் நின்று எண்ணி எழுதும் வேலை. உரமூட்டை, கந்தகம், கரி, குழாய், கடைசிக் காலத்தில் பெட்டி பெட்டியாகக் கன்டெய்னர். எழுதியதெல்லாம் காகிதத்தில் போயிற்று, பறந்ததெல்லாம் நெஞ்சில் தங்கிற்று. எங்கள் வீட்டுக் கொடியில் காயும் அவருடைய பனியன் ஒரு நாள் மஞ்சளாக இருக்கும், ஒரு நாள் கறுப்பாக. எந்தக் கப்பல் வந்திருக்கிறது என்று தெருவே அதைப் பார்த்துச் சொல்லும். வேலையை விட்டு இரண்டு வருடத்தில் மாடிப்படி அவருக்குப் பகையாயிற்று.

நான் கிளிப் ஒன்று வாங்கி அனுப்பினேன். தினமும் மாலை அவர் எண் பார்த்து எனக்குப் போன் செய்வார். தொண்ணூற்று ஒன்று, தொண்ணூற்று இரண்டு என்று வாரக்கணக்கில் நின்றது. திருவொற்றியூரில் ஒரு நெஞ்சு டாக்டரிடம் காட்டியிருந்தோம். தொண்ணூறுக்குக் கீழே இறங்கினால் உடனே வந்து படுத்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார். நான் தோல் விஷயத்தைச் சொல்லி, கையில் குத்தி ரத்தமெடுத்துப் பார்க்கச் சொன்னேன். அண்ணன் மறுத்தார்.

"டேய், உன் அண்ணி சொன்னா கேக்க மாட்டேன். டாக்டரு சொன்னாலும் கேக்க மாட்டேன். நீதான கண்ணு செய்றவன். தொண்ணூறுக்குக் கீள வந்தா உனுக்குப் போன் போடறேன். நீ போன்னா போறேன்."

"எழுதிக் குடுப்பியா?"

"எயுதியே குடுக்கறேன். முப்பது வருசம் அதான பண்ணேன்."

ஆஸ்பத்திரி என்றால் அவருக்கு எங்கள் அப்பா. மூக்கில் குழாயோடு இருபது நாள் படுத்திருந்து, பேச்சில்லாமல் போனவர். அதைப் பற்றி அண்ணன் ஒருபோதும் பேசமாட்டார். ஆஸ்பத்திரி என்று எடுத்தாலே பேச்சை மாற்றிவிடுவார்.

"அத்த வுடு. உன் வேல இன்னா ஆச்சு?"

"இருட்டு மின்னோட்டம் இன்னும் குறையல."

"இருட்டு கரண்டா? கரண்டு போனாத்தான்டா இருட்டு. இருட்டுல ஏது கரண்டு? ஈபிக்காரன் கேட்டா அளுதுருவான்."

"இருக்குண்ணா. எவ்ளோ மூடினாலும் கொஞ்சம் ஓடிக்கிட்டே இருக்கும்."

"இதுக்கா ஜெர்மனி போன? வியாசர்பாடில எங்க தோஸ்து ஒருத்தன் கீறான். மீட்டர ஆஃப் பண்ணாலும் அவன் வூட்ல ஃபேன் ஓடும்."

சிரிக்கும்போது இருமல் வரும். இருமல் முடியும்வரை போனைக் காதிலேயே வைத்துக் காத்திருப்பேன். அந்த இடைவெளியில் தெருவில் லாரி உறுமுவது கேட்கும், மீன் விற்கும் குரல் கேட்கும், ஏறக்குறைய நான்கு மணி நேரம் பின்தங்கிய ஒரு தேசத்தில் நான் நின்றுகொண்டிருப்பேன்.

மிரியமோடும் பேசுவார். "இன்னா நைனா, சாப்ட்டியா?" என்பார். பெண் குழந்தையை நைனா என்று கூப்பிடுவது அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் பதில் ஒற்றைச் சொல்லாக வரும். ஆமா. இல்ல. ஓகே. எட்டு வயதுவரை என்னோடு தமிழில் சண்டை போட்டவள். பிறகு பள்ளி, தோழிகள், நீச்சல். வீட்டில் தமிழ் சாப்பாட்டு மேசையளவுக்குச் சுருங்கியது. உப்பு, தண்ணி, போதும்.

4

பள்ளி விடுமுறை நாள் அது. ஆய்வகத்தில் நைட்ரஜன் நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் ரப்பர் கையுறை வழியே கையை நுழைத்துப் படலம் தடவிக்கொண்டிருந்தேன். போன் வெளியே அலமாரியில். அண்ணன் என்னை அழைத்திருக்கிறார், எடுக்கவில்லை. அதன்பின் வீட்டு எண்ணுக்கு அழைத்திருக்கிறார். அவள் அம்மா வேலை நிமித்தம் வெளியூரில். மிரியம் எடுத்தாள்.

மாலை வீட்டுக்கு வந்தபோது குளிர்பெட்டிக் கதவில் மஞ்சள் சீட்டு. 'பெரியப்பா 98' என்று ரோமன் எழுத்தில். பக்கத்தில் சிரிக்கும் முகம்.

"தமிழ்லயே பேசினேன் அவங்களோட" என்று அறையிலிருந்து கத்தினாள். "ரொம்ப நேரம்."

எனக்கு உண்டான சந்தோஷத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. வாரக்கணக்கில் தொண்ணூற்றொன்றில் நின்ற மனிதருக்கு ஒரே நாளில் தொண்ணூற்றெட்டு எப்படி வரும்? ஆய்வகத்தில் இப்படி ஒரு புள்ளி தனியே துள்ளி எழுந்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன், மறுபடி அளந்திருப்பேன். இது எனக்குப் பிடித்த எண். நம்பினேன். அங்கே தூங்கியிருப்பார்கள் என்று போன்கூடச் செய்யவில்லை. குளித்தேன். குழந்தைக்குத் தோசை வார்த்தேன்.

மறுநாள் விடிகாலையில் அண்ணியின் அழைப்பு. உதடு நீலமாகி, பேச்சு குழறி, ஆம்புலன்ஸில் ஏற்றியிருந்தார்கள். அங்கே கையில் குத்தி ரத்தமெடுத்துப் பார்த்தபோது உண்மையான எண் கிளிப் காட்டியதற்கு வெகு கீழே இருந்தது. நான் விமானம் பிடித்து இறங்கியபோது இராயபுரம் கோயிலில் துக்க மணி அடித்து முடித்திருந்தார்கள்.

5

அடக்கம் முடிந்த அன்று அண்ணி என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"எம்பத்தொம்போதுன்னு போன்ல சொல்லிகினு இருந்தாரு. சமையக்கட்டுலேர்ந்து என் காதுல வுளுந்துச்சு. நீ ஒண்ணுமே சொல்லலியே தம்பி."

அந்தச் சொல்லை என் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். எம்பத்து. ஒம்போது. எட்டு முதலில் விழுகிறது. ஜெர்மனில் எண் படித்த பிள்ளைக்கு முதலில் விழுவது ஒன்றாம் இலக்கம், பிறகு வருவது பத்தாம் இலக்கம். எட்டு, தொண்ணூறு. அந்த இடத்திலேயே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"வேலைல இருந்தேன் அண்ணி" என்றேன். அது பொய்யில்லை.

"வேல" என்றாள் அண்ணி. அதற்குமேல் ஒரு வருடம் என்னோடு அவள் பேசியதெல்லாம் நல்லா கீறீங்களா, நல்லா கீறோம்.

திரும்பி வந்து மனைவியிடம் சொன்னேன். "அவகிட்ட சொல்லவே சொல்லாத" என்றாள். "பன்னண்டு வயசுப் புள்ள தாங்குமா? நீ ஏத்துக்கிட்டதாவே இருக்கட்டும்." இருந்தது. சீட்டை எறிய முடியவில்லை, பணப்பையில் வைத்தேன்.

சில மாதம் கழித்து எங்கள் படலம் வேலை செய்தது. வாலில் ஒரு கிளையைத் தள்ளி வைத்ததும் மூலக்கூறுகள் ஓலைப்பாய் பின்னினாற்போல அடுக்கின. கசிவை அடைக்க அடியில் இன்னொரு மெல்லிய அடுக்கும் கொடுத்தோம். இருட்டு ஓட்டம் விழுந்தது, அளக்கும் கருவியின் அடிமட்டத்தைத் தொட்டது. என் விரலைக் கேட்டார்கள். கொடுத்தேன். திரையில் என் நாடி, ஒவ்வொரு துடிப்பும் மலை மாதிரி துல்லியமாக எழுந்து இறங்கியது. கறுத்த விரலுக்குள்ளிருந்து இவ்வளவு தெளிவாக யாரும் அங்கே பார்த்ததில்லை. கைதட்டினார்கள். இன்னும் நூற்றுக்கணக்கான விரல்களில் பார்த்து எண் கற்றுக்கொடுக்க வேண்டும், வருடங்கள் ஆகும் என்றாலும் கைதட்டினார்கள். விரலை எடுக்காமல் நின்றேன். என் தோலும் அவர் தோலும் ஒரே தோல்.

6

பயணத்துக்கு முந்தின வாரம் சொல்லிவிட்டேன். மனைவி பேச்சை மீறித்தான். அண்ணி வாயிலிருந்து அந்த எண்பத்தொன்பது வந்து விழுந்தால் நான் மொழிபெயர்க்க நேரும், அதற்கு இது மேல் என்று தோன்றியது.

சமையலறை மேசையில் சீட்டை வைத்தேன். எண்பத்தொன்பது என்று சொல்லி, எழுதச் சொன்னேன். எட்டு எழுதினாள், அதற்கு முன்னால் ஒன்பது போடப் பேனா தானாக இடது பக்கம் நகர்ந்தது. பாதியில் நின்றது. புத்திசாலிக் குழந்தை. நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"தப்பு உன்னுதில்ல" என்றேன். "நான் திரும்பக் கேட்டிருக்கணும். அந்தக் கிளிப் சரியா காட்டியிருக்கணும். எத்தனையோ பேர் தப்பு."

அவள் அழவில்லை. சீட்டைத் தன் கைப்பேசி உறைக்குள் வைத்துக்கொண்டு அறைக்குப் போனாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பிறகு ஜெர்மனில், மிகவும் வெறுமையாக, பெரியம்மாவுக்கு இது தெரியுமா என்று கேட்டாள். தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை என்றேன். சரி என்றாள்.

விமானத்தில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். பாட்டு கேட்கிறாள் என்று நினைத்தேன்.

7

காலைப் பூசை. அதன்பின் கல்லறையில் மந்திரிப்பு. சாமியார் தீர்த்தம் தெளித்தபோது துறைமுகத்துப் பக்கமிருந்து வந்த காற்றில் கரித்தூள் இருந்தது, வெள்ளைப் பூமாலை மதியத்துக்குள் சாம்பல் நிறமாகியிருக்கும். உறவுக்காரர்கள் சாப்பிட்டுப் போனபின் வீட்டில் நாங்கள் மூன்று பேர். அண்ணி எங்களுக்கு இலை போட்டாள். எனக்குப் பரிமாறும்போது கரண்டி என் இலைக்கு மேலே கொஞ்சம் உயரத்திலிருந்தே சோற்றைப் போட்டது.

மிரியம் உட்காரவில்லை. நின்றபடி, மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கும் குரலில் தமிழில் சொன்னாள்.

"பெரியம்மா. பெரியப்பா எண்பத்தி ஒன்பது சொன்னாங்க. நான் தொண்ணூத்தி எட்டு எழுதிட்டேன். அப்பாக்குத் தெரியாது. அப்பா மேல தப்பு இல்ல."

அண்ணி கரண்டியோடு என்னைப் பார்த்தாள். "இன்னா தம்பி சொல்லுது இது?"

சொன்னேன். ஜெர்மனில் எண்ணை எப்படிச் சொல்வார்கள் என்பதையும் சொன்னேன். அண்ணி கேட்டுக்கொண்டே மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். கோபப்படுவாள், அழுவாள், குழந்தையை அணைத்துக்கொள்வாள் என்று எதற்கெல்லாமோ தயாராக இருந்தேன். அவள் மிரியம் பக்கம் திரும்பி வேறொன்றைக் கேட்டாள்.

"நீ எயுதிகினதும் சும்மா வெச்சிட்டாரா போன? இன்னா எயுதினேன்னு உன்ன திருப்பி சொல்லச் சொல்லல?"

மிரியமுக்குப் பேச்சின் வேகம் பிடிபடவில்லை. நான் ஜெர்மனில் கேட்டேன். தலையசைத்தாள்.

"சொன்னாங்க."

"நீ இன்னான்ன?"

"நைன்ட்டி எய்ட்."

"இங்கிலீசுல சொன்னியா?"

"ம்."

"அதுக்கு அவரு?"

"கரெக்ட்டுன்னாங்க." மிரியம் நினைவுபடுத்திக்கொண்டாள். "அப்பறம், நீ நல்லா தமிழ் பேசற நைனா, அப்பன் வந்தா நான் நல்லா கீறேன்னு சொல்லுன்னாங்க."

கிழக்கே எங்கோ ரயில் போயிற்று. அண்ணி கரண்டியைச் சட்டியில் வைத்தாள்.

"ரெண்டு பாக்கெட் பாலுன்னு கடைக்காரன்ட்ட சொன்னாக்கூட, இன்னா சொன்னேன் சொல்லும்பாரு. திருப்பிச் சொல்ற நம்பர்ல ஒண்ணு மாறிச்சின்னா அந்த எடத்துலயே நிறுத்திடுவாரு. கப்பல்ல வந்ததெல்லாம் இங்கிலீசு நம்பரு. அவருக்கா நைன்ட்டி எய்ட்டு தெரியாது? தெரிஞ்சிதான் கரெக்ட்டுன்னு சொல்லிகீறாரு" என்றாள்.

எனக்கு இன்னொன்று தெரியும். ரத்தத்தில் அந்த அளவுக்கு ஆக்சிஜன் குறைந்தால் மூளை மங்கும். எட்டும் ஒன்பதும் காதில் விழுந்து எங்கும் போய்ச் சேராமல் நின்றிருக்கலாம். அவர் அறிந்தே சொன்ன 'கரெக்ட்'டா, அறியாமல் வாய் சொன்னதா? அதைப் பிரித்துக் காட்ட நான் செய்யும் எந்தக் கண்ணாலும் ஆகாது. ஆனாலும் அண்ணிக்கு அதையாவது கொடுக்கலாம் என்று வாயெடுத்தேன்.

"அண்ணி, அந்த நேரத்துல மூளைக்கு..."

"நீ ஒண்ணும் சொல்லாத தம்பி."

மிரியமின் கையைப் பிடித்து இலை முன்னால் உட்கார வைத்தாள். வஞ்சிரத் துண்டை எடுத்து, முள்ளை நீக்கி, அவள் சோற்றின் மேல் வைத்தாள். யாரிடம் என்று இல்லாமல் சொன்னாள்:

"பத்தடி தூரத்துல மீன் பொரிச்சிகினு இருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போவ மாட்டேன்னு எங்கிட்ட சொல்லிகீலாம் இல்ல."

என்ன சொல்றாங்க என்று மிரியம் ஜெர்மனில் கேட்டாள். நான் மொழிபெயர்க்கவில்லை.